ட்ரெய்லர் வீட்டுக்கு 12 வோல்ட் சொக்கெற்றும் இன்வேட்டரும்: திருகோணமலை உப்புக் காற்றுக்குத் தாங்கும் வயரிங்

மச்சானிடம் சும்மா கிடந்த போட் ட்ரெய்லரின் சட்டத்தை வெட்டி ஒட்டி, மேலே பலகையும் தகரமும் அடித்து, நாலு பேர் படுக்கக்கூடிய ஒரு பெட்டி செய்தோம். முதல் பயணம் குச்சவெளிப் பக்கம். பற்றரி முன்பக்கம், அதன் 12 வோல்ட்டை வீட்டு 230 வோல்ட்டாக மாற்றும் இன்வேட்டர் பின்பக்கம், இரண்டுக்கும் நடுவே ஆறு மீற்றர் வயர். கடையில் "இது 30 அம்பியர் தாங்கும்" என்று சொல்லித் தந்த 4 சதுர மில்லிமீற்றர் வயர்தான். இரவு ஏழு மணிக்கு 300 வாட் ரைஸ் குக்கரைப் போட்டோம். பத்து நிமிடம் ஓடியிருக்கும், இன்வேட்டர் கீ கீ என்று கத்தி நின்றுவிட்டது. பற்றரியை அளந்தால் 12.5 வோல்ட் காட்டுகிறது. திரும்பப் போட்டால் திரும்பக் கத்துகிறது. அன்று பிள்ளைகள் சாப்பிட்டது அரைவேக்காட்டுச் சோறு.

இன்வேட்டர் பழுது என்று முடிவுகட்டி, போட்களுக்கு வயரிங் செய்யும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் இன்வேட்டரைத் தொடக்கூட இல்லை. "தம்பி, சாமான்ல பிழை இல்ல. நீங்க அதுக்கு உறிஞ்சுகுழல்ல தண்ணி குடுத்திருக்கிறீங்க" என்றார்.

கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான். 12 வோல்ட் வேலையில் காசையும் கவனத்தையும் முதலில் வாங்கவேண்டியது வயரும் பியூஸும். இன்வேட்டர் கடைசியாக வரட்டும், சின்னதாக வரட்டும். ட்ரெய்லர் இல்லாமல் வானுக்குள் படுக்கை போட்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் பேப்பரும் பேனையும்

எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன் ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று எழுதுங்கள். எங்கள் குடும்பக் கணக்கு இது. மூன்று போன்களுக்கு 45 வாட்-மணி (வாட்டை மணிநேரத்தால் பெருக்கினால் வருவது). 5 வாட் எல்ஈடி லைட் மூன்று, ஐந்து மணிநேரம் எரிந்தால் 75. பன்னிரண்டு வோல்ட் ஃபான் இரண்டு, ஒன்று 15 வாட், எட்டு மணிநேரம் ஓடினால் 240. லப்டொப் இரண்டு மணிநேரத்துக்கு 120. 12 வோல்ட் கொம்பிரசர் பிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். எங்கள் வெக்கைக்கு நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 540. மொத்தம் 1020 வாட்-மணி. பன்னிரண்டால் வகுத்தால் 85 அம்பியர்-மணி.

ஃபானைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டில் இருக்கிற மேசை ஃபான் ஒன்று கிட்டத்தட்ட 50 வாட். அப்படி இரண்டை இன்வேட்டரில் எட்டு மணிநேரம் ஓட்டினால் 800 வாட்-மணி. இன்வேட்டர் தன் பங்குக்கு விழுங்குவதையும் சேர்த்தால் 920 ஆகிவிடும். படுக்கைக்குப் போதுமான காற்றை 12 வோல்ட் ஃபான் இரண்டும் 240க்குத் தருகின்றன. பற்றரியில் இருக்கும் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதைத் திரும்ப ஒரு அடப்டர் வழியாக 5 வோல்ட்டோ 19 வோல்ட்டோ ஆக்குவது வீண்வேலை. போன், லைட், ஃபான், பிரிட்ஜ் எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே வைத்துவிடுங்கள். இப்போது பல லப்டொப்கள் டைப்-சி மூலம் சார்ஜ் ஆகின்றன; அவற்றுக்கு 65 வாட் அல்லது 100 வாட் தரும் 12 வோல்ட் டைப்-சி சொக்கெற் இருந்தால் போதும். இன்வேட்டருக்கு மிஞ்சுவது மிக்ஸி, கமரா சார்ஜர், எப்போதாவது ஒரு சின்ன டிரில்.

சோறும் தேநீரும் காஸ் அடுப்பில்தான். மின்சாரக் கேத்தல் 1500 வாட்டுக்குக் குறையாது. அது 12 வோல்ட்டில் 140 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு கோப்பை பிளேன்டீக்காக அந்தளவு தடித்த வயர் இழுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பற்றரி

கார் பற்றரி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் செய்யப்பட்டது. அடியோடு இறக்கி இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் படுத்துவிடும். டீப் சைக்கிள் என்று விற்கும் ஈயப் பற்றரி வாங்கினாலும் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது. 100 அம்பியர்-மணியில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 50தான். அதனால் மேலே போட்ட 85ஐ அது தாங்காது. லிதியம் அயன் பொஸ்பேட் பற்றரியில் 80 முதல் 90 வரை எடுக்கலாம். எடையும் ஈயப் பற்றரியின் 27, 28 கிலோவுக்கு எதிரே 11, 12 கிலோதான். விலை கூட என்பது உண்மை. ஆனால் எடை ட்ரெய்லரில் சின்ன விஷயமில்லை.

பற்றரியை அச்சுக்கு மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னே வையுங்கள். பின்னே வைத்தால் ட்ரெய்லரின் மூக்கு எழும்பி, வேகத்தில் வால் ஆட்டும். அடியில் கோண இரும்புச் சட்டம், மேலே பட்டி, இரண்டும் வேண்டும்.

ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் விடும். அதற்கு வெளியே திறக்கும் காற்றுவழி உள்ள தனிப் பெட்டி தேவை. காஸ் சிலிண்டரை இதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், சுவிச்சில் எழும் சின்னப் பொறி போதும். லிதியத்துக்கு வாயுத் தொல்லை இல்லை, சூட்டுத் தொல்லை உண்டு. பலவற்றின் கையேட்டில் சார்ஜ் செய்வதற்கு 45 பாகை செல்சியஸ் எல்லை என்று போட்டிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் தகரப் பெட்டிக்குள் கை வைத்துப் பாருங்கள், அந்த எல்லை எவ்வளவு கிட்டே என்று தெரியும். வெயில் அடிக்கும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

வயர் கணக்கு

இதை மட்டும் வேகமாகத் தாண்டாதீர்கள். வயர் சூடாகி உருகாமல் எவ்வளவு அம்பியர் தாங்கும் என்பது ஒரு கேள்வி. அதற்குள் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பது வேறு கேள்வி. கடைக்காரர் எனக்குச் சொன்னது முதல் கேள்விக்கான பதில், அது பொய்யும் இல்லை. 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12இல் தொலைந்தால் சோறு வேகாது.

கணக்கு இலகுவானது. ஒருவழி நீளத்தை மீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், போக ஒன்று வர ஒன்று. அதை அம்பியரால் பெருக்கி, 0.018 ஆல் பெருக்கி, செப்பு வயரின் சதுர மில்லிமீற்றரால் வகுத்தால் தொலையும் வோல்ட் வரும். என் முதல் வயரிங்கைப் போட்டுப் பார்ப்போம். 300 வாட் குக்கருக்கு இன்வேட்டர் பற்றரியிலிருந்து இழுத்தது சுமார் 30 அம்பியர். 6 × 2 × 30 × 0.018 ÷ 4 = 1.62 வோல்ட். சுமையில் 12.2க்கு இறங்கிய பற்றரியிலிருந்து இன்வேட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 10.6. கத்தாமல் என்ன செய்யும்?

இன்வேட்டரைப் பற்றரியிலிருந்து 70 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்து 16 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டதும் இழப்பு 0.05 வோல்ட்டாகக் குறைந்தது. அதே குக்கர், அதே இன்வேட்டர்.

மற்ற வழிகளுக்கு: லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் போதும். யூஎஸ்பி, டைப்-சி சொக்கெற்றுகளுக்கு 2.5. பிரிட்ஜுக்கு 4, ஐந்து மீற்றருக்கு மேல் ஓடினால் 6. இழப்பு மூன்று சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது.

வாங்கும்போது நுனியைச் சீவிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். மேலே வெள்ளி நிறம், உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல வயர். எங்கள் கடற்கரைக்கு அதுதான் சரி. பூச்சில்லாத செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே ஒரு சாண் தூரத்துக்குக் கறுத்துப் போவதைப் போட்காரர் எல்லாரும் கண்டிருப்பார்கள். நல்ல வயர் கிடைக்காவிட்டால் நுனிகளையாவது பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் குழாய்) போட்டு மூடிவிடுங்கள்.

பியூஸ், சுவிச், பெட்டி

பாதை இப்படிப் போகவேண்டும்: பற்றரியின் பொசிற்றிவ், அதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிரதான பியூஸ், அடுத்தது கட்-ஆஃப் சுவிச், அப்புறம் பஸ் பார், அதாவது பல வயர்களை ஒரே இடத்தில் பூட்டும் உலோகப் பட்டை. பஸ் பாரிலிருந்து இரண்டு கிளை. ஒன்று இன்வேட்டருக்கு அதன் சொந்தப் பியூஸோடு போகும். மற்றது ஆறு அல்லது எட்டு வழி பிளேட் பியூஸ் பெட்டிக்கு. நெகற்றிவ் எல்லாம் இன்னொரு பஸ் பாரில் சேர்ந்து பற்றரிக்குத் திரும்பும்.

பியூஸ் காப்பது வயரை. சாமானைக் காக்க என்று நினைத்துக்கொண்டால் அளவு பிழைத்துவிடும். 1.5 வயருக்கு 5 அம்பியர், 2.5க்கு 10, 4க்கு 15 போட்டால் பயமில்லை. பற்றரிக்கும் முதல் பியூஸுக்கும் இடையே உள்ள வயரை எதுவும் காப்பதில்லை. அது தகரத்தில் உரசி உறை கிழிந்தால் நிற்பாட்ட ஆளில்லை. அதனால்தான் ஒரு சாண் என்கிறேன்.

நெகற்றிவுக்கு ட்ரெய்லர் சட்டத்தையே பாவிக்கலாமே என்று மச்சான் கேட்டார். காரில் அப்படித்தானே என்றார். காரில் சரி. கடலில் இறங்கி ஏறிய, கறள் பிடித்த சட்டத்தில் இன்று இருக்கும் இணைப்பு மாரிக்குப் பிறகு இருக்காது. ஒவ்வொரு சொக்கெற்றுக்கும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று தனித்தனியாக இழுங்கள்.

லக் (வயர் நுனியில் மாட்டும் வளைய முனை) போடுவதற்கு, அதை நசுக்கி இறுக்கும் நல்ல கிரிம்ப் கருவி வேண்டும். குறட்டால் நசுக்கியது முதல் நாள் பிடித்திருக்கும். கிரவல் ரோட்டில் இருபது கிலோமீற்றர் ஓடினால் கழன்றுவிடும். பெரிய லக்குகளுக்கான கருவியை வாங்காமல், பற்றரிக் கடையிலோ கராஜிலோ வயரைக் கொடுத்து நசுக்கி வாங்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

12 வோல்ட் சொக்கெற்றுகள் பொருத்துதல்

எத்தனை வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதோடு இரண்டு கூட்டுங்கள். படுக்கைத் தலைமாட்டில் இரண்டு பக்கமும் யூஎஸ்பி. சமையல் பக்கம் பிரிட்ஜுக்கு ஒன்று. வெளிச்சுவரில் மூடியுள்ள ஒன்று, பாய் விரித்து வெளியே இருக்கும்போது லைட் கொழுவ. கதவுக்குப் பக்கத்தில் கீழே வைக்காதீர்கள். கடலில் குளித்த பிள்ளை ஈரத்தோடு வந்து நிற்கும் இடம் அதுதான்.

பொதுவாக வரும் வட்டச் சொக்கெற்றுகளுக்கு 29 மில்லிமீற்றர் அளவில் துளை வேண்டும். கையில் உள்ளதை அளந்துவிட்டே, வட்டமாக வெட்டும் ஹோல்-சோவைப் பிடியுங்கள். துளை பெரிதாகிவிட்டால் பலகைக்கு மருந்தில்லை. துளைக்கு முன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வயர் தகரத்தைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம், மற்ற இடங்களில் நெளிகுழாய், ஒரு அடிக்கு ஒருதரம் பட்டி.

சிகரெட் லைட்டர் வகைச் சொக்கெற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கும் கிடைக்கும், எல்லாச் சாமானும் அதில் வரும். ஆனால் உள்ளே தொடுவது ஒரு ஸ்பிரிங் நுனி மட்டும். குலுங்கினால் தளரும், தளர்ந்தால் சூடாகும், சூடானால் பிளாஸ்ரிக் இளகும். மேலே 20 அம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் நான் 8க்கு மேல் அதில் போடமாட்டேன். பிரிட்ஜுக்கு, தடித்த முனைகள் ஒன்றையொன்று இறுகக் கவ்வும் அன்டர்சன் வகைக் கனெக்டர் போட்டேன். அது ரோட்டில் குலுங்கினாலும் இலகுவில் கழலாது.

வோல்ட் மீற்றரும் நீல லைட்டும் உள்ள யூஎஸ்பி சொக்கெற்றுகள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வரிசைக்கு ஒரு சுவிச் வைத்தால் ட்ரெய்லர் வளவில் மாதக்கணக்கில் நிற்கும்போது பற்றரி காயாது.

இன்வேட்டர்

2022 மின்வெட்டுக்குப் பிறகு எங்கள் ஊரில் இன்வேட்டர் என்றால் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேர்வில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வீட்டு மின்சாரம் போலவே ஒழுங்கான அலை தரும் பியூர் சைன் வேவ் வாங்குங்கள். மலிவான மொடிஃபைட் வகையில் மோட்டார் உள்ள சாமான்கள் முனகும், சூடாகும். சில சார்ஜர்கள் வேலை செய்யாமலே விடும். இரண்டாவது, அளவு. ஒரே 100 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 600 வாட் போதும். 11 வோல்ட்டில் முழுச்சுமைக்கு அது இழுப்பது சுமார் 63 அம்பியர். 80 அம்பியர் பியூஸும் 16 சதுர மில்லிமீற்றர் வயரும் பொருந்தும். 1000 வாட் என்றால் 104 அம்பியர், 125 அம்பியர் பியூஸ், 35 சதுர மில்லிமீற்றர் வயர். பல லிதியம் பற்றரிகளின் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பற்றரியைக் காக்கும் மின்சுற்று) 100 அம்பியரோடு நிற்பாட்டிவிடும் என்பதையும் யோசியுங்கள். தடித்த வயர் தேடி அலைபவர்களுக்கு: வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். நல்ல செம்பா என்று அதையும் சீவிப் பார்த்தே வாங்குங்கள்.

இடம் பற்றரிக்குக் கிட்டே, ஒரு மீற்றருக்குள். ஈயப் பற்றரிக்கு நேர் மேலே கூடாது. ஃபான் உள்ள பக்கம் நாலு விரல் இடைவெளி. உடுப்புப் பையை அதன்மேல் எறியாதபடி ஒரு கம்பித் தட்டி போட்டேன். வீட்டில் யாரும் சொல்லிக் கேட்பதில்லை.

முதன்முதல் வயரைத் தொடும்போது சடக் என்று ஒரு பொறி வரும். உள்ளே உள்ள கப்பாசிற்றர் நிரம்புகிறது, பயப்படத் தேவையில்லை. கட்-ஆஃப் சுவிச்சை ஓஃப் பண்ணி எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுப் பிறகு போட்டால் அந்தப் பொறி சுவிச்சுக்குள் போய்விடும். பொசிற்றிவ், நெகற்றிவ் மாறிவிட்டால் அநேகமான இன்வேட்டர்கள் அந்த நொடியே செத்துவிடும். மல்டிமீற்றரால் இரண்டுதரம் பாருங்கள்.

பாவிக்காதபோது ஓஃப் பண்ணுங்கள். சும்மா இருக்கும் இன்வேட்டர் 0.6 அம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளில் 14 அம்பியர்-மணி போய்விடும். அது ஒரு ஃபான் ஓர் இரவு ஓடுவதைவிடக் கூட.

230 வோல்ட் பக்கம்

இங்கே என் துணிச்சல் முடிகிறது, உங்களுடையதும் முடியட்டும். சாமானை இன்வேட்டரின் முகத்தில் உள்ள சொக்கெற்றில் நேரே கொழுவிப் பாவிப்பது ஒரு சாதாரண ஆள் செய்யக்கூடியது. சுவரில் 13 அம்பியர் சொக்கெற் வைத்து உள்ளே வயர் இழுப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனின் வேலை. பல சின்ன இன்வேட்டர்களின் வெளிப்பக்கத்தில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருப்பதில்லை. அந்த நிலையில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் பூட்டியிருந்தாலும் அது விழவேண்டிய நேரத்தில் விழாது. இணைக்கலாமா, எங்கே இணைப்பது என்பது இன்வேட்டருக்கு இன்வேட்டர் மாறும். கையேட்டை அவர் கையில் கொடுங்கள்.

உறவினர் வளவில் நிறுத்தி வீட்டு மின்சாரத்தையும் எடுக்கும் யோசனை இருந்தால், இரண்டில் ஒன்றை மட்டும் விடும் சேஞ்ச்-ஓவர் சுவிச் கட்டாயம். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் இன்வேட்டரைச் சுவர்ச் சொக்கெற்றுக்குள் செருகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழற்றிய பிளக்கின் வெளியே நீட்டும் உலோக முனைகளில் 230 வோல்ட் உயிரோடு நிற்கும். செய்யாதீர்கள்.

இன்னொன்று, பழைய வீட்டு வயரிங்கில் 230க்கும் சிவப்பும் கறுப்பும்தான். ட்ரெய்லரில் 12 வோல்ட்டுக்குச் சிவப்பு கறுப்பு என்றால் 230க்கு மண்ணிறமும் நீலமும் போடச் சொல்லி, தனிக் குழாயில் இழுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வேறொருவர் திறந்து பார்ப்பார்.

சார்ஜ்

கூரையில் 100 வாட் சோலர் பனல் ஒன்று எங்கள் வெயிலுக்கு ஒரு நல்ல நாளில் 350 வாட்-மணியைத் தாண்டித் தரும். என் 1020க்கு மூன்று பனல் வேண்டும். கூரையில் இரண்டுக்குத்தான் இடம் இருந்தது, மிச்சத்தை ஓடும்போது வாகனம் தருகிறது. பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரில் முதலில் பற்றரியை இணையுங்கள், பிறகு பனல். கழற்றும்போது பனல் முதலில். பற்றரி வகையைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள், லிதியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை, ஈக்குவலைஸ் (ஈயப் பற்றரிக்காக வோல்ட்டைக் கூட்டி ஏற்றும் முறை) ஓஃப்.

வாகனத்திலிருந்து எடுப்பதானால் ட்ரெய்லர் லைட் பிளக்கின் மெல்லிய வயரை நம்பாதீர்கள். அன்டர்சன் கனெக்டரும் 10 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரும், இரண்டு நுனியிலும் பியூஸும், ட்ரெய்லர் பக்கம், வாகனத்திலிருந்து வருவதைப் பற்றரிக்கு ஏற்றபடி அளந்து தரும் ஒரு டிசி-டிசி சார்ஜரும் வேண்டும். லிதியத்தை நேரடியாக இணைத்தால் ஆல்ட்டர்னேற்றரைச் சூடாக்கிவிடும்.

சோதனை

பியூஸ் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பற்றரியை இணையுங்கள். பொசிற்றிவ் முதலில், நெகற்றிவ் கடைசியில். மோதிரம், கைச்சங்கிலி கழற்றுங்கள். பியூஸை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு சொக்கெற்றிலும் வோல்ட்டையும் முனையையும் பாருங்கள். அதன்பின் உண்மையான சுமையைக் கொடுத்து, பற்றரியில் ஒருதரம் சொக்கெற்றில் ஒருதரம் அளந்தால் வித்தியாசம் தெரியும். கணக்கில் வந்ததைவிடக் கூட இருந்தால் எங்கோ ஒரு லக் சரியாக நசுங்கவில்லை. அரைமணி நேரம் ஓடியபிறகு எல்லா இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதுதான் குற்றவாளி.

லிதியத்தில் எவ்வளவு மிச்சம் என்று வோல்ட்டைப் பார்த்துச் சொல்லமுடியாது. 13 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நின்றுவிட்டுத் திடீரென்று விழும். பற்றரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணும், நெகற்றிவில் பூட்டும் ஷன்ட் மீற்றர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

வாடைக் காற்று தொடங்குமுன் ஒருதரம், மாரி முடிந்து ஒருதரம் எல்லா நட்டையும் இறுக்கி, பச்சை படிந்த முனைகளைத் தேய்த்து, மேலே மெல்லிதாக வாசிலின் பூசுகிறேன். ஒரு பழைய மாப்பெட்டிக்குள் ஒவ்வோர் அளவிலும் மூன்று பியூஸ் போட்டுப் பியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இரவில் ஒன்று போனால் அதே அளவுதான் போடவேண்டும், இரண்டாவதும் போனால் அந்த வழியை அப்படியே விட்டுவிட்டு விடிந்தபின் பார்க்கவேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவதில் மச்சான் கெட்டிக்காரர். அதனால் அந்தப் பெட்டியின் திறப்பு என்னிடம் இருக்கிறது.